தூணோரத்து இரண்டு நாற்காலிகள்

தியேட்டர்காரரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். வலப்பக்கத் தூணோரம் இருந்த இரண்டு நாற்காலிகளில் யாரும் உட்காருவதே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். நாங்கள் உட்கார்ந்தோம். நானும் என் மனைவியும். வெறும் பொய்யாக இருந்தால் விட்டிருப்பேன். அதைச் சொல்லித்தான் நாற்காலிகளைப் பிடுங்கினீர்கள்.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தறியில் பட்டு நெய்கிறோம். புடவையின் உடலை நான் நெய்வேன். என் வலப்பக்கம் உட்கார்ந்து அவள் கரைக்கான நூலோடும் நாடாவைத் தள்ளுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே வரிசைதான். பஸ்ஸில், பந்தியில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எங்கே உட்கார்ந்தாலும் அவள் எனக்கு வலப்பக்கம். மாறி உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அமாவாசைக்குத் தறி லீவு. மழை பிடித்துத் தறிக்குழியில் தண்ணீர் ஊறினாலும் லீவு. அந்த நாட்களில் உங்கள் தியேட்டருக்கு மத்தியான ஆட்டத்துக்குப் போவோம். ஒரு காலத்தில் அது நாடகக் கொட்டகை. திரைக்குப் பின்னால் பழைய மரமேடை இன்னும் இருக்கிறது. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களின் உச்சியில் இலையும் பூவுமாக வார்த்திருக்கிறார்கள். கீழ் வகுப்பில் கவுண்டர் டிக்கெட்டுக்கு நம்பர் கிடையாது. காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம்.

இடம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். எந்த நாற்காலியில் கம்பி குத்தும், எந்த விசிறி வசனத்தை விழுங்கும், மழை வந்தால் எந்த வரிசையில் சொட்டும், எல்லாம் தெரியும். இடப்பக்கம் கதவோரமாக இரண்டு இடம் வைத்திருந்தேன். காற்று வரும். காலை நீட்டலாம். அதைவிட நல்ல இடம் அந்தக் கொட்டகையில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த மத்தியானங்களை எப்படிச் சொல்வது? தகரத்தில் விழும் மழையும் படத்தின் பாட்டும் ஒன்றாகிவிடும். எது உள்ளே, எது வெளியே என்று தெரியாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தூசி நூல் நூலாகப் பறக்கும். பாதித் தூக்கத்தில் கண்ணை மூடினால் முந்தின நாள் நெய்த அரக்கு நிறம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். திறந்தால் திரையில் கடல். தறிக்குழியில் தொங்குவதுபோலக் கால்கள் எங்கோ கீழே கிடக்கும். கொட்டகையே மெல்ல மிதந்து போகிற மாதிரி இருக்கும். முடிந்து வெளியே வந்தால் ஈரத் தெருவில் எல்லாம் புதிதாகத் தெரியும், எருமைகூட.

பிறகு அவளுக்கு வலது கண்ணில் பார்வை போனது. நரம்பு என்றார் டாக்டர். திரும்ப வராது என்றார். தறியில் அவளுக்கு வேலை முழுவதும் இடப்பக்கம். அதனால் அங்கே குறை தெரியவில்லை. நானும் மறந்துபோனேன். அது என் முட்டாள்தனம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஓர் அமாவாசையன்று எங்கள் கதவோரத்து இடத்தில் அவள் முகத்தை எனக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாமா, மூஞ்சியத் திருப்பிக்கினே உக்காந்துக்கினு இருக்க? நான் இன்னா பண்ணன்?"

"ஐய, படம் பாக்கிறன்பா. திரும்பினாத்தான் தெரியுது."

"கழுத்து வலிக்கலியா?"

"ரெண்டு மாசமா வலிக்குது. நீங்கதான் இடம் புடிக்கிறதுல பெரிய ஆளாச்சே, நடுவுல நான் எதுக்குப் பேசணும்?"

அவள் எனக்கு வலப்பக்கம் என்பதை மட்டும் பார்த்தேன். திரை அவளுக்குத் தெரியாத வலப்பக்கம் விழுவதைப் பார்க்கவில்லை.

அவளை எனக்கு இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தேன். இரண்டு பேருக்கும் உடம்பு ஒப்பவில்லை. கொட்டகையின் நடுவில் உட்கார்ந்தோம். வலப்பக்கத்து ஆள் கையை அசைத்தபோதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியாத பக்கத்திலிருந்து எது வந்தாலும் அவளுக்கு அடி விழுகிற மாதிரிதான். கடைசியில் இடைவேளையில் அவளே எழுந்து, கையால் தடவிக்கொண்டே போய், வலப்பக்கத் தூணோரம் உட்கார்ந்தாள்.

"இங்க வாங்க. இது நல்லாக்குது."

"தூண் மறைக்குமே?"

"எந்தப் பக்கம் மறைக்குது? எனக்குத் தெரியாத பக்கம்தான? நிக்கட்டும், பாவம்."

இரண்டு கண்ணும் உள்ளவர்கள் அங்கே உட்கார மாட்டார்கள். முகத்துக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். அவளுக்குத் தூண் காவல். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது. தோளை அதில் சாய்த்துக்கொள்வாள். திரை முழுவதும் இடப்பக்கம் விழும். அதோடு, இப்போது அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் அதில் மாறி மாறி ஓடும். பல படங்களை நான் அவள் முகத்தில்தான் பார்த்தேன். கதை என்னவென்று கேட்காதீர்கள்.

ஐயம்பேட்டையிலிருந்து வந்து டிக்கெட் கிழிக்கும் அம்மா எங்களைக் கண்டதும், "உங்க தூணு காத்துக்கினு இருக்குது, போங்க" என்பார். போன மழைக்குப் போனபோது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டார். உள்ளே நாற்காலி இரண்டும் இல்லை. அந்த இடத்தில் பாப்கார்ன் விளம்பரப் பெட்டி ஒன்று விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

உங்கள் அறைக்கு வந்தேன். செல்போனைத் திருப்பிக் காட்டினீர்கள்.

"பாருப்பா. புக்கிங்ல அது ரெண்டும் எப்பவும் காலி. யாரும் உக்கார்றதே இல்ல."

"நாங்க கவுண்டர்ல வாங்கிக்கினு அங்கதான் உக்கார்றோம்."

"அதெல்லாம் கணக்குல வராது. நடுவுல உக்காருங்க, சூப்பரா தெரியும்."

அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியதும் வாசலில், "இனிமே நீங்க மட்டும் போய்ட்டு வந்து கதை சொல்லுங்க" என்றாள். என்னால் கதை சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருக்கிறது. எத்தனை நாள் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அந்த வெளிச்சம் இருக்கும்வரை அவள் படம் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெட்டியைச் சுவரில் மாட்டலாம். அவளைச் சுவரில் மாட்ட முடியாது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். ஆட்ட நேரம் எழுதும் கறுப்புப் பலகை உங்கள் வாசலில் இருக்கிறது. அதில் எழுதுங்கள். அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்தார்களா, இல்லையா? அவை என்றைக்குத் திரும்பி வரும்? ஊர் படிக்கட்டும். அடுத்த அமாவாசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவளும் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.