நஃபீசா சொல்லாமல் விட்ட பாதி

நஃபீசாவுக்கு வேலை மீன்களோடு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் விரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன்களுக்கு இரை போட்டு, தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

சுவா சூ காங் வட்டாரத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த வேலை காத்திருக்கும். கணவர் நெய்னா முகம்மது தேக்கா கடைத்தெருவின் துணிக்கடையில் நாளெல்லாம் வாய் ஓயாமல் வியாபாரம் பார்த்த மனிதர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எல்ஆர்டி ரயில் ஏறி, தெரபிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். அலுப்பை யாரிடம் சொல்வது? மீனிடம் சொன்னாள். அதுவும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஒருநாள் ஆய்வாளர் சயந்தினி பூரித்துப்போய் அவளைக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த மீனுக்கு மூளையில காயம் இருந்துச்சுல்ல? புது செல் வளர்ந்து ஆறிடுச்சு. இத்தனைக்கும் வளர்ந்த மீன், குஞ்சு இல்ல."

"மனுசனுக்கும் இப்படி வருமா?"

சயந்தினியின் முகம் சுருங்கியது. "இப்படி வராதுக்கா. பெரியவங்க மூளையில புது செல் வளருதா இல்லையான்னே இன்னும் ஆர்கியூ பண்றாங்க. உங்க வீட்டுக்காரருக்கு தெரபிதான் முக்கியம், விட்டுடாதீங்க லா."

நஃபீசா முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது, விடுவாளா? "மூளை திரும்ப வளருது மச்சான், கண்ணால பாத்தேன்." நெய்னா கோணிய வாயால் சிரித்தார். வினை அங்கேதான் பிடித்தது.

அடுத்த வாரம் தெரபிக்குக் கிளப்பினால், "எதுக்கு? அதுவா வளரட்டும்" என்று படுத்துக்கொண்டார். மறுவாரமும் அதே கதை. கெஞ்சினாள், திட்டினாள், மனிதர் மசியவில்லை. இப்படியே விட்டால் கை இறுகிப்போகும் என்று தெரபி நிலையத்திலிருந்து போன் வந்தது. பாதியைச் சொல்லி ஒரு மனிதரின் கையைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அடுத்த தெரபி நாள் காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து போட்டு உடைத்துவிட்டாள். "மீனுக்குத்தான் அப்படி வளருமாம் மச்சான். நமக்கு இல்லையாம். நான் மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றார் நெய்னா.

"எப்படி?"

"நமக்கு அப்படி வளரும்னா டாக்டர் சொல்லியிருக்க மாட்டாரா?" வார்த்தைகள் குழறி, ஒவ்வொன்றாக வந்தன. "என்னைத் தள்ளிக்கிட்டுப் போய்ட்டு வந்து, நீ சாப்பிடாமகூட தூங்கிப்போற. போக வேணாம்னு சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுச்சு."

நஃபீசாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவள் ஓய்வெடுக்க இவர் கையை விட்டுக்கொடுத்தாராம்! "என் அசதி என் பாடு. அதுக்கு உங்க கையைக் கேட்டேனா?" என்று கத்தினாள்.

கத்தி முடித்ததும் எழுந்தாள். உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி தெரபிக்குப் போட்டுவிட அலமாரியிலிருந்து அவர் சட்டையை எடுத்தாள். விழுந்துபோன கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். அவள் சட்டைக்கையை விரித்துப் பிடித்தபோது, நெய்னா தன் இடது கையை வலது கையால் தூக்கி அவளிடம் நீட்டினார்.