பிரகதாம்பாள் இடம் மாற்றிய குப்பிகள்

பழ ஈக்களுக்குச் சோறாக்கும் வேலை என்றதும் ஊரே சிரித்தது. சிரிக்கிற வாயா உலை வைக்கப்போகிறது என்று பிரகதாம்பாள் கண்டுகொள்ளவில்லை. திருவரங்குளத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடல்பாசி போட்டுக் கூழ் காய்ச்சிக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவாள். புருசன் படுக்கையில் விழுந்த பிறகு அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளிர்ப்பெட்டியைத் துடைத்தபோது, ஆராய்ச்சி செய்யும் சிவரஞ்சனியின் இருபது குப்பிகளிலும் ஈப்புழுக்கள் மந்தமாக நெளிவதைப் பார்த்தாள். குளிரில் இட்லி மாவே பொங்காது, புழு எங்கே வளரும்? எல்லாவற்றையும் சூட்டுப்பெட்டிக்கு மாற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து பழையபடி வைத்தாள். புழுக்கள் கொழுத்திருந்தன.

திங்கட்கிழமை சிவரஞ்சனியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "ஏன் பாப்பா, அதுகளை இப்புடி வெறைக்க வைக்கிறீங்க?"

"எறக்கை ஓரத்துல ஒரு செல்லு பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லும்க்கா. சேதி வந்தாத்தான் ஓரத்தை உருவாக்குற ஜீன் முழிக்கும். இந்த ஈயைச் சூட்டுல வச்சா சேதி போகாது, எறக்கை கடிச்சு வச்ச மாதிரி ஆயிரும். குளிர்ல வச்சது முழுசா வரணும். அதுவும் கெட்டா என் ஒண்ணரை வருச வேலை அம்புட்டுத்தான்."

பிரகதாம்பாள் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லாமல் கூழ்ப் பானையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

புழுக்கள் கூடு கட்டின. தினமும் குப்பிக்குள் எட்டிப் பார்ப்பாள், ஒன்றும் தெரியாது. வேலை போனால் மாத்திரைக்கு எங்கே போவது? குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது.

"என்னடி, பேயறைஞ்சவ மாதிரி இருக்க?" என்றார் புருசன்.

"ஈ அறைஞ்சிருச்சு. பேசாமச் சாப்புடுங்க."

பன்னிரண்டாம் நாள் ஈக்கள் வெளிவந்தன. மைக்ராஸ்கோப்பில் குனிந்த சிவரஞ்சனி வெகுநேரம் நிமிரவில்லை.

"குளிர்லயும் ஓரம் வெட்டுப்பட்டிருக்கே..." நோட்டை இழுத்தாள்.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தன் ஆராய்ச்சியே தப்பென்று எழுதிவிடுவாள்.

"எழுதாதீங்க பாப்பா. அன்னைக்கு வெள்ளிக்கெழமை நாந்தான் சூட்டுல வச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சே கால். காலையில எட்டுக்கு எடுத்துட்டேன்."

"ஒங்கள யாருக்கா தொடச் சொன்னது?" சிவரஞ்சனி நோட்டை மூடினாள். இவை கணக்கில் சேராது என்று இருபது குப்பிகளிலும் சிவப்பு மையால் கோடு கிழித்தாள். ஆய்வுக்கூடத் தலைவரான சாரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. பிரகதாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பெட்டிச் சாவி இனிமே எங்கிட்டத்தான் இருக்கும். போயி புதுசா இருபது குப்பிக்குக் கூழக் காச்சுங்க" என்றாள் சிவரஞ்சனி.

பிரகதாம்பாள் கூழைக் காய்ச்சி இருபது குப்பிகளிலும் ஊற்றி, பெட்டிப் பக்கமே போகாமல் சிவரஞ்சனியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.