தலையோடு வந்த கிழங்கான்

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சரியாகவே சாப்பிடவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய தூத்துக்குடிப் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுக்கும் மீன் கிழங்கான். முள் குறைவு, வயிற்றைக் கெடுக்காது. அவள் அக்காவுக்கு அவர்கள் அம்மா அப்படித்தான் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தாராம். அந்த அம்மா போன வருடம் தவறிவிட்டார். இந்த மராத்தி ஊரில், ஔந்த் ஃபிளாட்டில் அவளுக்குத் துணை, கோயம்புத்தூர்க்காரனான நான் மட்டும்தான். எனக்குத் தெரிந்த மீன் இரண்டே வகை: வறுத்தது, குழம்பில் கிடப்பது.

மராத்தியில் அதற்கு முர்துஷி என்று பெயர் என இணையத்தில் பார்த்துக்கொண்டு வீராப்பாகக் கடைக்குப் போனேன். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று தலையை வெட்டித் தோலையும் உரித்து வாங்கி வந்தேன். பாத்திரத்தைப் பார்த்தவள் தள்ளி வைத்துவிட்டாள். தலையும் தோலும் இல்லாமல் எதை வைத்துக் கிழங்கான் என்று நம்புவது? வேறு மீனாக இருந்து, பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டாள். மீனுக்கு ஆதார் அட்டையா கேட்க முடியும் என்று முணுமுணுத்தேன். அவள் அழுதுவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் கடையில் நின்று வீடியோ காலில் கூப்பிட்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொன்னாள். முதலில் காட்டியது மடவை. தலை மொக்கையாக இருக்கிறது, வேண்டாம் என்றாள். அடுத்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூக்கு கூரா இருக்குல்லா? மண்ணத் தோண்டத்தான் அது. கரையோரத்து மணல்லயே கெடக்கும். வலை வந்தா உள்ள பொதைஞ்சிக்கிடும்."

முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியுமாம். சின்ன வயதில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது காலடியில் மணல் குறுகுறுக்கும், அது கிழங்கான்தான் என்றாள். நான் அசந்துபோனேன். சாகண் தொழிற்சாலையில் கார் பாகங்களில் மயிரிழைக் குறையைக்கூடக் கண்டுபிடிக்கிற என்ஜினியர் அவள். அந்தக் கண் எங்கே பழகியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரர் வழக்கம்போல் தலையை வெட்டக் கத்தியை எடுத்தார். கையை நீட்டித் தடுத்தேன்.

அவள் சொல்லச் சொல்ல, பூண்டும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்தேன். முதல் வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"அம்மா வச்ச மாரி இல்லங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."