நாற்றமில்லாத இருபது நாள்

எங்கள் ஊர் பூண்டு விளையும் கூக்கால். பூண்டு எடுத்ததும் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம்; புகை பட்டால்தான் கெடாது. என் மனைவி கொய்யா விளையும் ஆயக்குடியில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, வாசற்படி ஏறும்போதெல்லாம் "வீடே நாறுதுங்க" என்பாள். எனக்கும் அம்மாவுக்கும் அப்படி எந்த நாற்றமும் தெரிந்ததில்லை.

கொரோனா வந்த வருஷம் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. சளிக்காய்ச்சல்தான் என்று கஷாயம் கொடுத்தோம். எழுந்து நடமாடியவள் பூண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஒருவழியா நம்ம ஊர்க்காரி ஆயிட்டா" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா பாயசமே வைத்துவிட்டாள்.

அதைக் குடித்த மனைவி, "இனிப்பே தெரியலையேங்க" என்றாள். சந்தேகப்பட்டுப் பச்சைப் பூண்டை மென்று பார்த்தாள். முகம் சுளிக்கவே இல்லை. பரிசோதனையில் கொரோனா என்றார்கள். பின்னறையில் தனியாகப் படுத்தாள்.

இருபதாம் நாள் காலையில் அடுப்படிக்குள் வந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன நாத்தங்க இது!"

அந்தப் பேச்சைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா, பரணிலிருந்து ஒரு பூண்டுக் கட்டை இறக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு தாயி."