நாலு வீட்டுக்கு ஒரு எருமை

லியூதாங் ஊரில் எருமையைப் பங்கு போட்டது கால் கணக்கில்தான். உற்பத்திக் குழுவைக் கலைத்து அவரவர் வீட்டுக்கு நிலம் கொடுக்கலாம் என்று மேலே இருந்து சம்மதம் வந்த குளிர்காலம் அது. நிலத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். கலப்பை, பரம்பு, கூடை எல்லாவற்றையும் களத்தில் பரப்பிப் பிரித்தார்கள். கடைசியில் மூன்று எருமைகள் மிச்சம் நின்றன. வீடுகளோ பன்னிரண்டு. அதனால் நாலு வீட்டுக்கு ஓர் எருமை, வீட்டுக்கு ஒரு கால் என்று முடிவாயிற்று.

காகிதத்தை உருட்டி வைக்கோல் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். பியான் யூகனுக்குச் சாம்பல் எருமையின் இடது பின்னங்கால் விழுந்தது.

"பின்னங்காலா? உதை வாங்குறதுக்குன்னே பொறந்திருக்கீங்கண்ணே" என்று லூ ஜின்பாவ் சிரித்தான். அதே எருமையின் முன்னங்கால் ஒன்று அவனுக்கு. மற்ற இரண்டில் ஒன்று சின் என்ற விதவைக்கு, இன்னொன்று குழுவுக்குக் கணக்கு எழுதிய ஃபூவுக்கு.

பியானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எருமை பிறந்தபோது கையை விட்டு வெளியே இழுத்துப் போட்டவர் அவர். குழுவின் தொழுவம் பல வருஷமாக அவர் பொறுப்பில்தான் இருந்தது. பஞ்ச வருஷத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மாடுகளுக்கென்று வந்த சோயாப் பிண்ணாக்கில் தினம் ஒரு பிடி தின்றுதான் அவர் பிழைத்தார். அதை யாரிடமும் மறைத்ததில்லை. "அதுங்க சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கேன்" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

எருமை முறை வைத்து வீடு வீடாகப் போயிற்று. முறை இருக்கிறவன் உழுதுகொள்ளலாம், தீனியும் அவன்தான் போடவேண்டும். உழுவதில் யாரும் குறை வைக்கவில்லை. தீனியில்தான் கை சுருங்கியது. நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற மாட்டுக்கு இன்றைக்கு எதற்குப் பிண்ணாக்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரன், நேற்றே அங்கே நன்றாகத் தின்றிருக்கும் என்று நினைத்தான். பியான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எருமை தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கோதுமை அறுப்பு முடிந்த சமயம் ஒரு நாள் அவர் எருமையின் விலாவில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே கன்று அசைந்தது. மாதம் நெருங்கிவிட்டது. இந்த நிலையில் சேற்றைச் சமன் செய்யும் பரம்பை இழுத்தால் கன்றும் தங்காது, தாயும் எழுந்திருக்காது.

ஜின்பாவிடம் போய்ச் சொன்னார்.

"நடவு நேரத்துல வந்து கர்ப்பம்ங்கிறீங்களே அண்ணே. நாத்து முத்துதே, அது காத்திருக்குமா?"

"கன்னு போடுற வரைக்கும் விட்டுடு ஜின்பாவ்."

"என் காலை நான் ஓட்டுறேன். உங்க காலுக்கு வேணும்னா ஓய்வு குடுங்க."

ஃபூவும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான்.

அந்த வாரம் பியானின் மருமகள் சாய்யுனுக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று அப்போது சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அதனால் இனி இந்த ஒருத்திதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பியான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பேத்தியின் காது மடல் எவ்வளவு மெல்லிசு, கொட்டாவி விட்டால் முகம் எவ்வளவு சின்னதாகச் சுருங்குகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வாசலில் சிவப்புத் துணி கட்டினார்கள். அந்தத் துணி தொங்கினால் ஒரு மாதத்துக்கு வெளி ஆள் வாசப்படி தாண்டக்கூடாது. தாண்டினால் தாய்ப்பால் வற்றும், தாண்டினவன் வயலிலும் விளைச்சல் வராது. இதை மீறினவனை அந்த ஊர் பார்த்ததில்லை.

மறுநாள் எருமை பியான் முறை. முறை முடிந்த அன்று சாயங்காலம் அவர் அதைத் தொழுவத்தில் கட்டவில்லை. துணிக்குக் கீழே குனிய வைத்து, வீட்டின் நடுக்கூடத்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன பண்றீங்க?" என்று மனைவி ஷியூ கரண்டியோடு வந்தாள்.

"இதுவும் பிள்ளைத்தாச்சிதான். இருக்கட்டும்."

"சாணி யாரு அள்றது?"

"நான்தான்."

மருமகள் உள்ளறையிலிருந்து, "விடுங்க அத்தை, அது மூச்சு விடுற சத்தத்துல பாப்பா நல்லா தூங்குறா" என்றாள். ஷியூ கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

காலையில் ஜின்பாவ் நுகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் ஃபூ, அவனுக்குப் பின்னால் சின் அக்கா.

"அண்ணே, எருமையை வெளிய ஓட்டுங்க. என் முறை."

"உள்ளதான் இருக்கு. வந்து ஓட்டிக்க" என்றார் பியான் கூடத்திலிருந்து.

ஜின்பாவ் சிவப்புத் துணியைப் பார்த்தான். ஒரு கால் முன்னே வைத்து, மறுபடி பின்னே இழுத்துக்கொண்டான்.

"விளையாடாதீங்க. நான் எப்படி உள்ள வர்றது?"

"வராதே."

"மாடு நாலு பேருக்குப் பொது" என்றான் ஃபூ.

"யாரு இல்லைன்னா? உங்க மூணு காலும் பத்திரமா இங்கதான் நிக்குது."

சின் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் விதவை, அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே கூடாது. நீங்க ஆம்பளைங்க பேசி முடிங்க" என்று களைக்கொட்டை ஊன்றி நின்றாள்.

"ஒரு பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு காவலா?" என்று ஜின்பாவ் கத்தினான்.

"கத்தாதே, தூங்குறா. நானும் என் மகனும் வந்து பரம்பு இழுக்குறோம். உன் வயல், அக்கா வயல், ஃபூ வயல். நாத்து வீணாகாது."

ஜின்பாவ் கொஞ்சம் யோசித்தான். "இழுப்பீங்களா?"

"இழுப்பேன்."

"சரி வாங்க."

அவன் அதற்காக வெட்கப்பட்டான் என்று சொல்ல முடியாது. பரம்பில் ஏறி நின்றுகொண்டு ஓட்டுவதுதான் வழக்கம், கனம் இருந்தால்தான் சேறு சமமாகும். முழு ஆளாக ஏறி நின்றுகொண்டான். பியானும் மகன் மிங்லியாங்கும் கயிற்றைத் தோளில் போட்டு முழங்கால் சேற்றில் இழுத்தார்கள். "கொஞ்சம் வேகமா, அந்த மூலை மேடா இருக்கு" என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். சின் அக்கா தன் வயலில் ஏறி நிற்கவில்லை, இரண்டு கூடை மண் வைத்தாள். ஃபூ மச்சானிடம் மாடு இரவல் வாங்கிக்கொண்டான், கூப்பிடவே இல்லை. பியானின் தோள் தோல் உரிந்தது. ஷியூ கடுகெண்ணெய் தடவும்போதெல்லாம் திட்டிக்கொண்டே தடவினாள்.

மாதம் முடியும் முன்பே ஒரு விடியலில், நடுக்கூடத்திலேயே எருமை கன்று போட்டது. கிடேரி. தோள் வலியால் பியானால் இழுக்க முடியவில்லை. ஷியூதான் இழுத்தாள்.

பேத்திக்கு மாதம் நிறைந்து, துணியை அவிழ்த்து, சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டையும் நூடுல்ஸும் போட்ட அன்று மூன்று பங்காளிகளும் வந்தார்கள். முட்டை உரிக்கும்போதே பேச்சு கன்றுக்குப் போயிற்று.

"இதுவும் நாலு காலா?" என்றான் ஃபூ.

"மூணு வருஷம் சும்மா தின்னும்" என்றான் ஜின்பாவ். "யாரு போடுறது? எனக்கு வேணாம்."

பியான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தாய்ல இருக்குற என் காலை நீங்க மூணு பேரும் எடுத்துக்குங்க. கன்னை எனக்கு விடுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உழுகிற மாட்டில் பங்கைக் கொடுத்துவிட்டு, உழாத கன்றை வாங்குகிறவன் லாபம் பார்க்கிறவன் இல்லை. உடனே சரி என்றார்கள்.

"ஒண்ணு. கன்னு பால் குடிக்கணும்" என்றார் பியான். "பகல்ல எங்க வேணா ஓட்டுங்க. ராத்திரி தாய் என் தொழுவத்துல நிக்கட்டும்."

"அப்போ தீனி?" என்றான் ஜின்பாவ்.

"நான் போட்டுக்குறேன்."

ஜின்பாவ் வாயில் முட்டையோடு சின் அக்காவைப் பார்த்தான். "அண்ணனுக்குப் பேத்தி பொறந்ததுல மண்டை கலங்கிப்போச்சு" என்றான்.

"கலங்கட்டும். நீ முட்டையைத் தின்னு" என்றாள் அவள்.

எருமை அந்த மழைக்காலத்திலேயே தேறிவிட்டது. பியான் வயலில் மட்டும் மூன்று வருஷம் அப்பனும் மகனும்தான் பரம்பு இழுத்தார்கள். அவர்கள் நடவுதான் ஊரிலேயே கடைசி, விளைச்சலும் கொஞ்சம் குறைச்சல்தான். நாலாவது வருஷம் கிடேரிக்கு நுகம் பூட்டினார்கள்.

அடுத்த வாரமே ஜின்பாவ் வந்து நின்றான். "கெழட்டு எருமை நொண்டுது அண்ணே. உங்களுதை ஒரு நாள் குடுங்க."

பியான் கொடுத்தார். கூடவே போய் வரப்பில் உட்கார்ந்து, பகல் சாயும் முன் தாமே அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.