கன்றுக்கு இட்ட விபூதி

என் தாய்மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அவர் என்னிடம் இரண்டு பொய்கள் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே நாளில் சொன்னவை. இரண்டுக்கும் நான் இன்றுவரை நன்றியுள்ளவள்.

மாமா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பசுக்கள் வளர்த்தார். பள்ளி விடுமுறை வந்தால் நான் தீவிலுள்ள பாயான் பாருவிலிருந்து கடற்பாலம் கடந்து அங்கே போய்விடுவேன். மாட்டுக் கொட்டகை நெருக்கமானது. ஒரு பசுவின் கொம்பு இன்னொன்றின் மடியைக் கிழித்த பிறகு, கன்றுகளின் கொம்புக் குருத்தை வளரும் முன்பே சுட்டுவிடுவது மாமாவின் வழக்கமாயிற்று. கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சிய, நுனியில் வளையமுள்ள இரும்புக் கோல். கன்றை அழுத்திப் பிடிக்க ஆட்கள். முடி கருகும் நாற்றம். எனக்கு ஏழு வயதானபோது அதைப் பார்த்துவிட்டேன். "நீங்க கெட்டவரு மாமா" என்று சொன்னதோடு, அந்த விடுமுறை முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் வாங்கித் தந்த ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பைக்கூட, முற்றிலும் உருகும்வரை தண்டித்துவிட்டே குடித்தேன்.

அடுத்த ஆண்டு நான் போனபோது, பிறந்து சில நாட்களே ஆன கறுப்புக் கன்று ஒன்று தாயிடமிருந்து தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. மாமா ரப்பர் கையுறை அணிந்திருந்தார். கன்றின் தலையில் இரண்டு இடங்களில் முடியைக் கத்தரித்து, சுற்றிலும் வாஸ்லின் தடவி, நடுவில் வெள்ளையாக எதையோ பூசிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா அது?"

"விபூதி."

"ரெண்டு எடத்துலயா?"

"மாட்டுக்கு நெத்தி பெருசும்மா."

இந்த விளக்கத்தில் எனக்குக் குறையேதும் தென்படவில்லை. எனக்கும் வேண்டுமென்று நெற்றியை நீட்டிக்கொண்டு முன்னே வந்தேன். "கிட்ட வராதே!" என்று அவர் போட்ட அதட்டலில் பசுக்களே தலைதூக்கிப் பார்த்தன. பிறகு கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டு மறுபடி மறுபடி கை கழுவி, சாமி அறையிலிருந்து விபூதிக் கிண்ணத்தை எடுத்துவந்து எனக்கு இட்டுவிட்டார். மாமாவுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று வியந்தேன்.

கன்றுக்குப் பூசியது, கொம்புக் குருத்தை அரித்துக் கருக்கும் காரக் களிம்பு. தண்ணீர் பட்டால் வழியும். கண்ணில் இறங்கினால் பார்வை போய்விடும். இது எனக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் பிடித்துக்கொண்ட மழைக்கும் தெரியாது.

கொட்டகைக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. காற்று சாரலை உள்ளே வாரி இறைத்தது. வீட்டுக்குள் கொண்டுபோகலாமென்றால் நடுவில் மழை. வேலைச் சீருடையோடு புறப்பட்டுக்கொண்டிருந்த மாமா, குடையை விரித்தபடி ஓடி, கன்றின் அருகில் மண்டியிட்டு, அதன் தலையைக் குடைக்கும் தம் உடம்புக்கும் நடுவில் ஒளித்துக்கொண்டார்.

அதே ஷிஃப்டுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் மழைக்கோட்டுடன் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தினார்.

"என்னண்ணே, கன்னுக்குட்டிக்குக் கொடையா? மாப்பிள்ளை ஊர்வலமா? வேலைக்கு வரலியா?"

"நீ போ லா! மாமனாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிரு."

"ஒங்க மாமனார் எறந்துட்டாரே! சூப்பர்வைசரும் சாவுக்கு வந்தாரே!"

"அப்ப மாமியார்னு சொல்லு!"

வண்டி சிரிப்போடு போய்விட்டது. மாமா நகரவில்லை. கன்று தலையை உதறிற்று. அதை விட்டால் அவர் கையில் தலையைத் தேய்த்தது. அது அவரைக் கொஞ்சுவதாக எண்ணி, பின்வாசற்படியில் நின்று பொறாமைப்பட்டேன்.

மழை விட்டபோது கன்றின் இரண்டு கண்களும் தெளிவாக இருந்தன. மாமாவின் முன்கையில்தான் சிவந்த வட்டம் ஒன்று. குழாயடியில் அதை நெடுநேரம் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னாச்சு மாமா?"

"கன்னுக்குட்டி முத்தம் குடுத்துருச்சு."

எனக்குக் கொடுக்கவில்லையே என்று அழுதேன்.

அந்த இரும்புக் கோலை அவர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதையும், அது நான் சொன்ன ஒரு சொல்லுக்காகவே என்பதையும் அத்தை பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். களிம்பும் வலிக்கும் என்பதை நான் படித்து அறிந்தேன். இரும்பு கன்றை அலறவைத்தது. களிம்பு சத்தமில்லாமல் தலையைத் தேய்க்கவைத்தது. நான் கேட்டது கன்றுக்கு வலியின்மை. எனக்குக் கிடைத்தது காதுக்கு அமைதி. எந்த முறையானாலும் முதலில் கால்நடை மருத்துவர் வந்து மரத்துப்போகும் ஊசி போடுவதே சரி. அடுத்த கன்றிலிருந்து மாமா அப்படித்தான் செய்தாராம். யாரும் அவரை அதற்குக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கைதான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மழை நாளில் இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, பெருந்தன்மையோடு அவருக்கு மன்னிப்பு வழங்கினேன்.

"இந்த வருசம் நீங்க யாருக்கும் சூடு வைக்கல. அதனால ஒங்களோட பேசுறேன்."

மாமா சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரிங்கம்மா" என்றார்.