பாலத்து முனையில் எனக்குக் கிடைத்த பதில்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் எங்களுக்குக் காய்கறித் தோட்டம். கத்தரிக்காய் மூட்டையை பைக்கில் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியவர் அவர். நாலுவழிச் சாலையில் புதுப் பாலம் தொடங்கும் இடத்தில், நடுரோட்டில் திடீரென்று ஒரு தடுப்புச்சுவர் முளைக்கும். போர்டு கிடையாது. விளக்கு கிடையாது. பனிமூட்டத்தில் நேராகப் போய் அதில் மோதிவிட்டார். தலையிலும் காலிலும் அடி. நினைவில்லை.

அடுத்த அடி போலீஸ் ஸ்டேஷனில் விழுந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினார் என்று அவர் மேலேயே வழக்கு. கண் திறக்காமல் கிடக்கிற மனிதர் குற்றவாளி. விதி என்று என் நாத்தனார் அழுதாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"விதியா வந்து ரோட்டு நடுவுல சுவரு கட்டுச்சு?" என்று கேட்டேன்.

நேராகத் திருப்பரங்குன்றம் போனேன். பணிவாக வேண்ட அன்று எனக்கு வரவில்லை. "முருகா, அவரு கண்ணத் தொறக்கணும். அவரு மேல விழுந்த பழியும் போகணும். ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண வச்சுக்கிறாத" என்றேன்.

தைப்பூசத்தன்று கண் திறந்தார். காய் என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பாதி கிடைத்தது. மீதியை நான் விடவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினால் சுவர் தெரியாதா என்றார் இன்ஸ்பெக்டர். "சார், ஒரு நாள் விடியக்காலம் அதே வழியில வாங்க. நானும் வாரேன்" என்றேன். சிரித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மறுபடி மறுபடி போய் நின்றேன். ஒரு நாள், வாம்மா பார்ப்போம் என்று எழுந்தார். அவரை எழுப்பியது நான் இல்லை.

அன்றும் பனி. ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன். டிரைவர் வேகமாகக்கூட ஓட்டவில்லை. சட்டென்று சுவர் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கிச் சுவர்மேல் கை வைத்து நின்றார்.

"எங்களுக்கே தெரியலையேம்மா" என்றார்.

ரோட்டின் குறைதான் காரணம் என்று மேலே எழுதினார். அவர் மேலிருந்த வழக்கு விலகியது. அந்த இடத்தில் இப்போது போர்டு இருக்கிறது, மஞ்சள் கறுப்புப் பட்டை இருக்கிறது, இருட்டில் மின்னும் வில்லைகளும் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறார். ஆனால் தலைநிமிர்ந்து நடக்கிறார்.

முன்பெல்லாம் சாமி கும்பிடுவதோடு சரி, காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. சமயநல்லூர்ப் பக்கம் இன்னொரு திருப்பமும் போர்டு இல்லாமல்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பெண்களோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். காலையில் குன்றத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். உங்களுக்கும் இப்படி ஒரு குறை இருந்தால், அந்த முருகனை நம்பி எங்களோடு வாருங்கள்.